திருமதி அழகிப் போட்டிக்கு முதல் முறையாகப் போகிறவர்களுக்கு: பணம் கட்டுவது முதல் மேடை இரவு வரை

ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடியும் முன்பே என்னைச் சென்னை சென்ட்ரலில் இறக்கிவிட்டது. ஒரு கையில் பெரிய சூட்கேஸ், மறு கையில் ஹீல்ஸ் வைத்த அட்டைப்பெட்டி, தோளில் சேலைப் பை. போட்டி நடக்கவிருந்த ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தால், மதியம் 12 மணிக்குத்தான் அறை கிடைக்கும் என்றார்கள். ஆறு மணி நேரத்துக்கும் மேல் வரவேற்பறைச் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன். காலை எட்டு மணியிலிருந்து மற்ற போட்டியாளர்கள் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். எல்லோரும் என்னைவிட உயரமாகத் தெரிந்தார்கள். முந்தைய போட்டிகளில் வாங்கிய சாஷ்களை, அதாவது தோளுக்குக் குறுக்கே அணிகிற, பெயர் எழுதிய பட்டைகளைச் சிலர் பெட்டியின் மேலேயே மடித்து வைத்திருந்தார்கள். அப்போது எனக்கு 38 வயது. ஈரோட்டில் பள்ளி ஆசிரியை, ஒரு பெண்குழந்தைக்கு அம்மா. ஊருக்குத் திரும்ப அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கைப்பேசியில் தேடிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு, முதல் முறையாகப் போகிற பெண்கள் பலருக்குச் சேலை கட்டிவிட்டும் பெட்டி அடுக்கிக் கொடுத்தும் கூடவே போய் வந்தும் இருக்கிறேன். வந்து இறங்கும் நாளின் நடுக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது. அந்த நடுக்கத்தில் பெரும்பகுதி, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவது. தெரிந்து கொண்டு போனால், மிச்சமிருக்கிற பயத்தையும் கைக்கு ஒரு வேலை கொடுத்துச் சமாளித்துவிடலாம். அந்த வேலைகளைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன்

இது என்ன போட்டி, யார் நடத்துகிறார்கள் என்பதை முதலில் தெளிவாகத் தெரிந்து கொள்ளுங்கள். திருமணமான பெண்களுக்கென்று உலக அளவில் நடக்கும் போட்டிகளில் மிகப் பழையது மிஸஸ் வேர்ல்ட். 1984-இல் தொடங்கியது. இலங்கையின் ரோசி சேனநாயக்க ஆரம்ப ஆண்டுகளிலேயே அதில் வென்றார். பின்னாளில் கொழும்பு மாநகரத்தின் மேயரானார். இந்தியாவுக்கு 2001-இல் அதிதி கோவித்ரிகர் அந்தக் கிரீடத்தைக் கொண்டு வந்தார். அவர் மருத்துவம் படித்தவர். அதன் பிறகு 21 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில் லாஸ் வேகஸில் சர்கம் கௌஷல் வென்றார். அவர் ஆசிரியையாகப் பணியாற்றியவர் என்று படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. திருமணமானவர்களுக்குக் கதவை மூடியே வைத்திருந்த மிஸ் யூனிவர்ஸ் போட்டியும் 2023 முதல் விதியை மாற்றிக்கொண்டது. அந்த ஆண்டே கொலம்பியா, குவாத்தமாலா ஆகிய நாடுகளின் சார்பில் தாய்மார்கள் அந்த மேடையில் நின்றார்கள்.

ஆனால் உங்கள் ஊரில் சுவரொட்டி ஒட்டியிருக்கும் போட்டிக்கும் இந்தப் பெரிய போட்டிகளுக்கும் தொடர்பு இருக்கும் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். 'திருமதி' என்ற பட்டத்தோடு ஊர்ப் பெயரையோ மாநிலத்தின் பெயரையோ சேர்த்து எந்தத் தனியார் நிறுவனமும் போட்டி நடத்தலாம். அதில் தவறில்லை. பல சிறிய போட்டிகள் மிகவும் ஒழுங்காகவே நடக்கின்றன. இங்கே வென்றால் அடுத்து எங்கே போவீர்கள், அந்தச் செலவு யாருடையது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி நான் பட்டு அறிந்தது இது. நான் முதன்முதலில் பெயர் கொடுத்த போட்டி வேறொன்று. பெயர் வேண்டாம். தேர்வுக்கு வந்த அத்தனை பேரும் தேர்வாகிவிட்டோம் என்று மறுநாளே தகவல் வந்தது. நுழைவுக் கட்டணம் கட்டினேன். பிறகு புகைப்படத்துக்குத் தனி, நடை, பேச்சு, ஒப்பனை பழக்கும் குரூமிங் வகுப்புக்குத் தனி, கவுன் வாடகைக்குத் தனி என்று வாரம் ஒரு தொகை கேட்டார்கள். கடைசியில், 'சிறந்த புன்னகை' பட்டம் வேண்டுமானால் அதற்கும் ஒரு விலை சொன்னார்கள். அன்றோடு விலகினேன். கட்டிய பணம் திரும்பி வரவில்லை. அதனால் முதல் தவணை கட்டும் முன்பே கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு? தங்குமிடம், சாப்பாடு, ஒப்பனை, உடை இவற்றில் எவையெல்லாம் அதில் அடக்கம்? நான் பின்வாங்கினால் எவ்வளவு திரும்ப வரும்? இதற்கு நேராகப் பதில் சொல்லாதவர்களிடம் பணம் கட்டாதீர்கள். கூச்சம் வேண்டாம். கல்யாண மண்டபம் பேசும்போது இதைவிட அதிகமாகக் கேள்வி கேட்கிறவர்கள்தானே நாம்.

விதிமுறைத் தாளை ஒரு வரி விடாமல் படியுங்கள். வயது வரம்பு, தேவைப்படும் சான்றுகள், எத்தனை உடைச் சுற்றுகள், நீச்சலுடைச் சுற்று உண்டா, உண்டென்றால் அதற்குப் பதில் வேறு உடைக்கு அனுமதி உண்டா, உங்கள் படங்களை அவர்கள் எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். குறிப்பாக, 'திருமணமானவர்' என்பதற்கு அவர்கள் சொல்லும் வரையறை என்ன என்று பாருங்கள். 2021 ஏப்ரலில் கொழும்பு தாமரைத் தடாகம் அரங்கில் நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். திருமதி இலங்கை கிரீடத்தைச் சூடிய புஷ்பிகா டி சில்வாவின் தலையிலிருந்து, அப்போதைய மிஸஸ் வேர்ல்ட் கரோலின் ஜூரி அதை மேடையிலேயே கழற்றினார். அவர் விவாகரத்தானவர், எனவே தகுதியில்லை என்று அறிவித்தார். புஷ்பிகா கணவரைப் பிரிந்து வாழ்கிறாரே தவிர விவாகரத்து ஆகவில்லை என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். கிரீடம் அவருக்கே திரும்பி வந்தது. அந்தக் காணொளியில் அவர் மேடையை விட்டு இறங்கி நடந்து போகிற காட்சியை என்னால் இன்னமும் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. நீங்கள் பிரிந்து வாழ்கிறவராக இருந்தாலும், மறுமணம் செய்தவராக இருந்தாலும், கணவரை இழந்தவராக இருந்தாலும், நான் போட்டியிடலாமா என்று முன்பே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துப் பெட்டியில் வையுங்கள்.

வீட்டில்

வீட்டாரிடம் நாட்களையும் ஏற்பாடுகளையும் திட்டவட்டமாகச் சொல்லுங்கள். 'நான் ஒரு போட்டிக்குப் போகட்டுமா?' என்று கேட்டால் வீட்டில் பத்துக் கருத்து வரும். 'வியாழன் இரவு கிளம்பி ஞாயிறு இரவு வருகிறேன், பாப்பாவை வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது?' என்று கேட்டால் பேச்சு நேராக வேலைக்கு வந்துவிடும். என் மாமியாரிடம் அப்படித்தான் ஆரம்பித்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "எந்தச் சேலை கட்டப் போகிறாய்?" என்று கேட்டார். பிறகு பீரோவைத் திறந்து தன் கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அந்தச் சேலையைத்தான் பாரம்பரிய உடைச் சுற்றில் கட்டினேன்.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். நடக்காத வீட்டிலிருந்து வந்தவர்களும் என்னோடு மேடையில் நின்றார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, ஊரில் ஒரே ஒருவரையாவது உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். தங்கையோ, தோழியோ, பக்கத்து வீட்டு அக்காவோ, இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டால் எடுக்கிறவராக இருந்தால் போதும்.

ஒரு மாதத்துக்கு முன்: கால்கள்

புதியவர்கள் முகத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைக் காலுக்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும். மேடையில் நடுவர்கள் முதலில் பார்ப்பது நீங்கள் நடந்து வருவதைத்தான். கால் வலித்தால் அது முகத்தில் தெரிந்துவிடும்.

நான்கு அங்குல ஹீல்ஸில் இதுவரை நடந்ததில்லை என்றால் இரண்டரை, மூன்று அங்குலத்தில் ஆரம்பியுங்கள். அடிக்குதி ஊசி போல இல்லாமல் சற்று அகலமாக இருக்கட்டும். வாங்கிய புதிதில் தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு, அதன் மேல் ஹீல்ஸை மாட்டி, சமையலறையில் வேலை செய்தபடி தினமும் அரை மணி நேரம் நில்லுங்கள். தோல் இளகிக் கொடுக்கும். அடிப்பாகம் வழுவழுப்பாக இருந்தால் உப்புத்தாள் வைத்து லேசாகத் தேய்த்துவிடுங்கள். மேடையில் கார்பெட் இருக்கும், அதன் மேல் வழுக்கும் ஃப்ளெக்ஸ் விரிப்பும் இருக்கலாம். அதனால் வீட்டில் டைல்ஸ் தரையில் மட்டும் பழகாமல், பாயை விரித்தும் மொட்டை மாடியின் சொரசொரப்பிலும் நடந்து பாருங்கள்.

மெட்டி விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முனை மூடிய ஹீல்ஸுக்குள் மெட்டி போட்ட விரல் பக்கத்து விரலை அழுத்தி, இருபது நிமிடத்தில் தோலைக் கிழித்துவிடும். முதல் ஒத்திகை முடிந்து செருப்பைக் கழற்றியபோது என் இரண்டு கால்களிலும் ரத்தம் கசிந்திருந்தது. விரல்கள் வெளியே தெரிகிற, பட்டை வைத்த ஹீல்ஸ் வாங்குங்கள். மெட்டியின் அடிப்பக்கம் மருத்துவ பிளாஸ்டரை ஒரு சுற்றுச் சுற்றினால் உரசாது.

தாலியைப் பற்றியும் எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். கவுன் சுற்றில் அதைக் கழற்ற வேண்டுமா? இது உங்கள் விருப்பம். விதிமுறையில் வேறு மாதிரி இருந்தால் ஏற்பாட்டாளரிடம் பேசுங்கள். நான் கழற்றவில்லை. கழுத்து மூடிய கவுனாகத் தைத்துக்கொண்டேன். தாலிக்கொடியை உள்ளே விட்டு, ஆடாமல் இருக்க உள்பக்கத் துணியோடு சிறிய ஊக்கு ஒன்றால் பிடித்துவிட்டேன். கழற்றி வைத்துவிட்டு வந்த தோழிகளும் இருந்தார்கள். அதை யாரும் யாரிடமும் விசாரிக்கவில்லை.

நடக்கும்போது பார்வை தரையில் இருக்கக் கூடாது என்பார்கள். தரையைப் பார்க்காமல் இருப்பதற்குப் பழக்கம் வேண்டும். வீட்டுக் கூடத்தின் எதிர்ச் சுவரில், உங்கள் கண் உயரத்தைவிடச் சற்று மேலே ஒரு பொட்டை ஒட்டி, அதைப் பார்த்தபடியே நடந்து வாருங்கள். நடையை ஒருவரைக் கைப்பேசியில் படம்பிடிக்கச் சொல்லி, ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். தோள் எங்கே உயர்கிறது, கை எங்கே விறைக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

தோலுக்கு ஒன்றே ஒன்று. கடைசி இரண்டு வாரத்தில் முகத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். ஒட்டு இமைப் பசை, தலைமுடிச் சாயம் போன்றவற்றை இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பார்த்து, அரிப்பு இல்லை என்று தெரிந்த பிறகே பயன்படுத்துங்கள். மாதவிடாய்த் தேதி போட்டி நாளில் விழுந்தால் மாத்திரை போட்டுத் தள்ளிவைப்பதை நீங்களாகச் செய்யாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

பெட்டி கட்டுவது

உடைகளைச் சுற்றுவாரியாகப் பிரியுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு பை. உடை, அதற்கான உள்ளாடை, நகை, வளையல், செருப்பு எல்லாம் அந்த ஒரே பையில் இருக்க வேண்டும். பையின் மேல் பெரிய எழுத்தில் சுற்றின் பெயரை எழுதி ஒட்டுங்கள். மேடைக்குப் பின்னால் உடை மாற்றக் கிடைப்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். அந்த நேரத்தில் தோடு எங்கே என்று தேடினால் கண்ணீர் வந்துவிடும்.

பட்டுச்சேலையை ஊரிலேயே கொசுவமும் முந்தானையும் மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் குத்திக் கொண்டு போய்விடுங்கள். இதை இப்போது கூலிக்குச் செய்து தருகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அப்படி மடித்த சேலையை ஐந்து நிமிடத்தில் கட்டிவிடலாம். உள்பாவாடை நாடா புதிதாக இருக்கட்டும். ஹீல்ஸ் போட்டுக்கொண்டே சேலை கட்டுங்கள், இல்லாவிட்டால் உயரம் தப்பும்.

பிறகு அவசரப் பை. என் பையில் எப்போதும் இருப்பவை: மூன்று அளவுகளில் ஊக்குகள், கொண்டை ஊசி, இருபக்கமும் ஒட்டும் டேப், கறுப்பு, வெள்ளை, சிவப்பு நூல் கோத்த ஊசிகள், சிறிய கத்தரி, பிளாஸ்டர், தலைவலி மாத்திரை, நாப்கின், ஈரத்துணி, ஸ்ட்ரா, ஒரு பாக்கெட் பேரீச்சை. உதட்டுச் சாயம் கலையாமல் தண்ணீர் குடிக்கத்தான் ஸ்ட்ரா. எந்தப் போட்டியிலும் இந்தப் பையை நான் திறக்காமல் திரும்பியதில்லை. பாதி நேரம் அடுத்தவருக்காகத் திறந்தேன்.

உங்கள் நிறத்துக்குச் சரியாகப் பொருந்துகிற ஃபவுண்டேஷன் ஒன்றைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். அங்கே இருக்கிற ஒப்பனையாளர் ஒரே நாளில் பலருக்குப் போட வேண்டும், அவரிடம் எல்லா நிறமும் இருக்காது. இரண்டு படி வெளுப்பாகப் போட்டால் மேடை விளக்கில் முகம் சாம்பல் பூத்தது போலத் தெரியும், கழுத்து வேறு நிறத்தில் நிற்கும். "கொஞ்சம் வெள்ளையாகப் போடட்டுமா?" என்று கேட்டால், "வேண்டாம், என் நிறத்திலேயே போடுங்கள்" என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல ஏன் இவ்வளவு தயங்குகிறோம் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கறுப்பாகப் பிறந்த பெண் அழகிப் போட்டிக்கு வந்தும் தன் நிறத்துக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டுமா?

பாலூட்டும் தாய்மார்கள் பால் எடுக்கும் பம்ப்பையும் மார்புப் பட்டைகளையும் மறக்க வேண்டாம். எடுத்த பாலைச் சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரம்தான் வைக்கலாம். அதனால் அறையில் குளிர்பதனப் பெட்டி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஒத்திகைக்கு நடுவில் இருபது நிமிட இடைவேளை வேண்டும் என்பதை முதல் நாளே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். பால் கட்டிக்கொண்ட மார்போடு இறுக்கமான ரவிக்கையில் நிற்பது காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

வந்து இறங்கும் நாள்

முடிந்தால் முதல் நாள் மாலையே போய்ச் சேருங்கள். இரவு ரயிலில் வந்து அதே நாள் ஒத்திகைக்கு நிற்பது உடம்புக்கும் ஆகாது, மனத்துக்கும் ஆகாது. முடியாதென்றால், அதிகாலையில் அறை கிடைக்குமா என்று ஹோட்டலுக்கே தொலைபேசியில் கேளுங்கள். இல்லையென்றால் பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்து, பல் துலக்கி, முகம் கழுவி, வெளியே போய் இரண்டு இட்லி சாப்பிட்டு வாருங்கள். என்னைப் போல ஆறு மணி நேரம் ஒரே சோபாவில் உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் அளந்து கொண்டிருக்காதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் பதிவு மேசை. ஆதார், திருமணச் சான்று, கேட்டிருந்தால் மருத்துவச் சான்று, பணம் கட்டிய ரசீது எல்லாம் ஒரே கோப்பில், நகல்களோடு இருக்கட்டும். உங்கள் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று அங்கேயே சரிபாருங்கள். சாஷிலும் தொகுப்பாளர் கையிலிருக்கும் அட்டையிலும் அதே எழுத்துதான் ஏறும். பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் தொகுப்பாளரிடம் ஒரு முறை வாயால் சொல்லிக் கொடுங்கள். 'ழ'கரம் உள்ள பெயர்க்காரர்களுக்கு இது மிகவும் அவசியம்.

பெரும்பாலும் அறைக்கு இருவர். அறைத்தோழியிடம் முதல் பத்து நிமிடத்தில் பேச வேண்டியவை: காலையில் யார் முதலில் குளிப்பது, அலாரம் எத்தனை மணிக்கு, இரவு வீட்டுக்குப் பேச எங்கே போவது. எனக்கு வாய்த்தவர் நாகர்கோவில் பெண். ஐந்து வயது இளையவர். உள்ளே நுழைந்ததும், "அக்கா, நான் திரும்பிப் போய்விடலாமா என்று பார்க்கிறேன்" என்றார். அவர் கையில் கைப்பேசி, அதில் ரயில் நேரம். என் கைப்பேசியைத் திறந்து காட்டினேன். அதிலும் அதுதான் இருந்தது. கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் நின்றோம். பிறகு அவர் தன் பெட்டியைத் திறந்து, கொக்கி பிய்ந்திருந்த ரவிக்கை ஒன்றை எடுத்து, "உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?" என்று கேட்டார். கட்டிலில் உட்கார்ந்து ஐந்து கொக்கிகளைத் தைத்தேன். முதல் கொக்கிக்கு நூல் கோக்கவே கை நடுங்கியது. நான்காவது கொக்கியில் நடுக்கம் நின்றிருந்ததைக் கவனித்தேன்.

அதனால்தான் வந்து இறங்கிய உடனே கைக்கு வேலை கொடுங்கள் என்கிறேன். பைகளைப் பிரித்துத் தொங்கவிடுங்கள். நகைகளைச் சுற்றுவாரியாக மேசையில் வையுங்கள். இஸ்திரிப்பெட்டி கேட்டு வாங்குங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு படுத்துக்கொண்டு கைப்பேசியில் மற்ற போட்டியாளர்களின் படங்களைத் தேடிப் பார்க்காதீர்கள். அன்று இரவு வேண்டியது எட்டு மணி நேரத் தூக்கம். குழந்தையோடு பேசுவதானால் அது தூங்கப் போகும் முன்பே பேசிவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் "அம்மா எப்போது வருவாய்?" என்று அழுதால், அதன் பிறகு உங்களுக்குத் தூக்கம் வராது.

ஒத்திகை

ஒத்திகையில் அழகாக இருக்க வேண்டியதில்லை. இடம் தெரிந்தால் போதும். மேடையில் வண்ண டேப் ஒட்டியிருப்பார்கள். அதில் நிற்க வேண்டிய புள்ளி எது, திரும்ப வேண்டிய பக்கம் எது, எந்த எண்ணுக்குப் பின்னால் நீங்கள் வருகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேடைக்கு ஏறும் படிகள் எத்தனை என்று எண்ணுங்கள். இரவில் விளக்கு கண்ணைக் கூசும்போது படி தெரியாது, எண்ணிக்கைதான் கைகொடுக்கும். கவுனோடு நடக்கும்போது முன்பக்கத் துணியைக் கால்விரலால் லேசாக உதைத்தபடி நடந்தால் தடுக்காது. இதை ஒத்திகையிலேயே பழகுங்கள்.

நேர்காணலும் கேள்விச் சுற்றும்

நடுவர்களோடு தனியாகப் பேசும் நேர்காணல் மேடை இரவுக்கு முன்பே நடந்துவிடும். புதியவர்கள் இதைச் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். உங்களை நீங்கள் முழுதாகக் காட்டக்கூடிய இடம் இதுதான் என்பது என் கருத்து. விண்ணப்பத்தில் எழுதியதிலிருந்தே கேட்பார்கள். அதனால் அதன் நகலை முந்தின இரவு படித்துவிட்டுப் போங்கள். 'சமூக சேவை செய்கிறேன்' என்று எழுதியிருந்தால் எங்கே, யாருக்கு, எத்தனை நாட்களாக என்று கேட்பார்கள். செய்யாததை எழுதாதீர்கள்.

மேடைக் கேள்விக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை நிமிடம். அதில் ஐந்தாறு வாக்கியங்கள்தான் பேச முடியும். பழகுவது எப்படி? செய்தித்தாளைத் திறந்து ஒரு தலைப்பைக் கேள்வியாக்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு அரை நிமிடம் பேசுங்கள். தினமும் மூன்று. முதல் வாக்கியத்திலேயே உங்கள் பதில் வந்துவிட வேண்டும். அடுத்து, நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். அத்தோடு நிறுத்துங்கள். "வேலைக்குப் போகும் தாய்க்கு இன்று மிகவும் தேவையானது என்ன?" என்று என்னிடம் கேட்டார்கள். மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில்கள் எதுவும் வாயில் வரவில்லை. எங்கள் பள்ளியில் கைக்குழந்தைக்காரியான ஆசிரியை ஒருவர், மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் வகுப்புக்கு ஓடி வருவதைச் சொன்னேன். ஒவ்வொரு பணியிடத்திலும் குழந்தையை விட ஓர் அறை வேண்டும் என்று முடித்தேன். அவ்வளவுதான்.

மொழியைப் பற்றிய பயம் வேறு எல்லாவற்றையும்விடப் பெரிது. தமிழில் பதில் சொல்ல அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மிஸ் யூனிவர்ஸ் மேடையிலேயே மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தாய்மொழியில் பதில் சொல்கிறார்கள். அனுமதி இருந்தால் நல்ல தமிழில் நிமிர்ந்து பேசுங்கள். பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவினால் இரண்டும் தடுமாறும். கேள்வி புரியவில்லை என்றால், "மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்பதில் குறையொன்றும் இல்லை.

மேடை இரவு

மதியம் தயிர்சாதமோ இட்லியோ போல வயிற்றைத் தொந்தரவு செய்யாததைச் சாப்பிடுங்கள். பட்டினி கிடக்க வேண்டாம். விளக்குச் சூட்டில் மயங்கி விழுந்தவரைப் பார்த்திருக்கிறேன். சோடா கலந்த பானங்கள் வயிற்றை உப்ப வைக்கும். ஒப்பனைக்கு உங்கள் முறை எப்போது என்று காலையிலேயே தெரிந்து கொள்ளுங்கள். கடைசி எண் என்றால் அடிப்படை ஒப்பனையை நீங்களே போட்டு முடித்துத் தயாராக இருங்கள்.

பின்மேடை இரைச்சலாக இருக்கும். யாராவது அழுவார்கள், யாருடைய கொக்கியாவது பிய்யும். உடை மாற்றும் இடத்தில் ஆண்கள் யாரும் வரக் கூடாது, கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது. இவை நடந்தால் பொறுத்துப் போகாமல் அங்கேயே சத்தமாகச் சொல்லுங்கள்.

உங்கள் எண்ணைக் கூப்பிடும் முன், திரைக்குப் பின்னால் நிற்கும்போது, இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாக ஊன்றி, மூச்சை மெதுவாக விடுங்கள். நான் என் சேலைக் கொசுவத்தை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினேன். ஏழு மடிப்பு. எண்ணி முடித்தபோது என் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

அறிவித்த பிறகு

நான் கிரீடம் வாங்கவில்லை. இறுதி ஐவரில் ஒருத்தியாக நின்றேன். நாகர்கோவில் தங்கை இரண்டாம் இடம். பெயர் வராதபோது முகம் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. வென்றவரைப் பார்த்துத் திரும்பிக் கை தட்டுங்கள். கைகள் தட்டிக்கொண்டிருக்கும்போது முகம் தானாக இளகும். மேடை இறங்கி அறைக்குப் போனதும் அழுகை வந்தால் அழுங்கள். வென்றிருந்தால், அன்றிரவு நீட்டப்படும் எந்தத் தாளிலும் உடனே கையெழுத்திட வேண்டாம். காலையில் தெளிந்த கண்ணோடு படித்துவிட்டுப் போடலாம்.

நகைகளைப் பட்டியல் பார்த்து எண்ணி வையுங்கள். இரவல் வாங்கியவை தனிப் பையில். பட்டுச்சேலையை உடனே மூட்டை கட்டாமல் ஒரு மணி நேரமாவது காற்றாட விரித்து வையுங்கள். வியர்வையோடு மடித்தால் ஜரிகை கறுக்கும்.

தலைமுடியில் ஸ்பிரே அடித்து இறுக்கியிருப்பார்கள். அதை அப்படியே சீப்பால் இழுத்தால் கொத்தாக வரும். முதலில் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, தேங்காயெண்ணெயைக் கையில் தேய்த்து முடி முழுவதும் தடவி, அரை மணி நேரம் ஊற விட்டு, நுனியிலிருந்து சிக்கெடுத்த பிறகு ஷாம்பு போடுங்கள். நான் அன்றிரவே ரயில் ஏறிவிட்டதால் கொண்டையோடுதான் ஈரோட்டில் இறங்கினேன். காலையில் திண்ணையில் உட்கார வைத்து என் மாமியார் எண்ணெய் வைத்துவிட, பாப்பா ஊசிகளை ஒவ்வொன்றாக உருவித் தட்டில் போட்டு எண்ணினாள். நாற்பத்து மூன்று வந்தது. மதியம் தலை வாரும்போது இன்னும் இரண்டு அகப்பட்டன.